கேட்பதும் தொண்டே



நான் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர் நோயாளிகளைக் கவனிக்கும் தாதி. பாடநூலில்தான் 'தாதி'. கிளினிக்குக்கு வரும் நம் ஆட்கள் வாயில் 'மிசி'. நோயாளியோடு பேசுவது எப்படி என்பதை இந்த மாதப் பாடமாக எழுதித் தரச் சொன்னார்கள்.

"நாங்க எல்லாரும் மிசி ஆகப் போறோமா? இது எங்களுக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மருந்துப் பையை அலமாரியில் போட்டுவிட்டு "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் அப்பா இருக்கிறாரா? வேப் பிடிக்கும் தம்பி இருக்கிறானா? வெள்ளிக்கிழமை இரவானால் குடிக்கக் கிளம்பும் நண்பன்? இவர்களில் ஒருவரிடமாவது நீங்கள் பேசிப் பார்த்திருப்பீர்கள். பேசியும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏன் ஆகவில்லை, வேறு எப்படிப் பேசலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு கணக்கு. 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. கோயில் அன்னதானத்தில் பத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்தால், அதில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையும் ஊசியும் அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கின்றன. ஆனால் அதை எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்ற முடிவு கிளினிக்கில் நடப்பதில்லை. வீட்டுச் சமையலறையிலும், ஒட்டுக்கடையிலும், லோரியிலும்தான் நடக்கிறது. அங்கே மிசி இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் ஓர் அண்ணன் வந்தார். வயது 47. லோரி ஓட்டுநர், நெடுந்தூர ஓட்டம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அவருக்கு 11.4 வந்திருந்தது. பலருக்கு 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான இலக்கு. இனி மாத்திரை மட்டும் போதாது, இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஊசி போடக் கற்றுக்கொடுக்க என்னிடம் அனுப்பினார்.

"ஊசி மட்டும் வேணாம் மிசி. மாத்திரையே குடுங்க, ஒழுங்கா சாப்பிடுறேன்."

வெளியே நாற்பது பேர் நம்பர் எடுத்துக் காத்திருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். "அண்ணே, இப்படியே விட்டீங்கன்னா கண்ணு போயிடும். கிட்னி போயிடும். அப்புறம் வாரம் மூணு தடவை டயாலிசிஸ். காலை எடுக்க வேண்டி வரும். பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க." சுவரில் தொங்கிய கால் புண் படத்தையும் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மிசி, சரிங்க மிசி" என்றார். ஊசியை வாங்கிக்கொண்டு போனார். 'விளக்கம் கொடுக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த தவணைக்கும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, வலது பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆணி குத்தியிருக்கிறது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி சப்பாத்தைக் கழற்றும்போது காலுறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. அப்படியும் பத்து நாள் தள்ளிப்போட்டிருக்கிறார். மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அவர் விரல் போனதற்கு என் பேச்சுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பல வருடச் சர்க்கரை அந்தக் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது. ஆனால் அந்த எட்டு மாதமும் அவர் கிளினிக் பக்கம் வராமல் இருந்ததற்கு என் பேச்சும் ஒரு காரணம். பிறகு அவரே சொன்னார்: "நீங்க திட்டுவீங்கன்னுதான் மிசி வரல."

நான் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எல்லாம் மருத்துவ உண்மை. பிறகு எங்கே தவறு?

இருமனம்

மாற வேண்டும் என்று தெரிந்தும் மாறாமல் இருப்பவரைப் பார்த்து "சோம்பேறி", "பிடிவாதம்", "அக்கறையே இல்ல" என்கிறோம். பெரும்பாலும் அது உண்மை இல்லை. அவருக்குள் இரண்டு குரல் இருக்கிறது. ஒன்று "மாறணும்" என்கிறது. இன்னொன்று "வேணாம், முடியாது, இப்ப இல்ல" என்கிறது. இதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: இருமனம்.

இருமனமாக இருப்பவரிடம் நாம் போய் "மாறு" என்ற பக்கத்தை எடுத்துப் பேசினால் என்ன ஆகும்? அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு பக்கம்தான். அதை அவர் எடுத்துக்கொள்வார். நாம் எவ்வளவு வலுவாகப் பேசுகிறோமோ, அவ்வளவு வலுவாக அவர் "ஏன் முடியாது" என்று பேசுவார். வாயால் பேசாவிட்டால் மனதுக்குள் பேசுவார். வெளியே "சரிங்க மிசி" வரும்.

உங்களுக்கே நடந்திருக்கும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கலாம் என்று நீங்களாகவே புத்தகத்தைத் திறக்கப் போகும் நேரத்தில் அம்மா அடுக்களையிலிருந்து "படிச்சா என்ன?" என்று குரல் கொடுப்பார். அந்த நொடியே படிக்கும் ஆசை போய்விடும். அம்மா சொன்னது தப்பா? இல்லை. உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதை அம்மா பேசிவிட்டார், அவ்வளவுதான்.

அன்பு உள்ளவர்களுக்கும், சேவை செய்கிறவர்களுக்கும் இந்தத் துடிப்பு அதிகம். கோணலாக எதையாவது பார்த்தால் உடனே நிமிர்த்தக் கை போகும். தாதிகள், ஆசிரியர்கள், அம்மாக்கள், நம் மாதிரி இயக்கத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் மனிதன் சுவரில் தொங்கும் படம் இல்லை, நாம் நிமிர்த்தினால் நிமிர்வதற்கு.

இந்த முறை எங்கிருந்து வந்தது

நோயாளியோடு பேசும் பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பது தாதியர் படிப்பில் பழைய பாடம். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கத் தாதி 1952-இல் எழுதிய நூலில், தாதிக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள உறவே குணமாக்கும் வேலையின் நடுவில் இருக்கிறது என்று விளக்கினார். அதே காலத்தில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர், ஒருவரைத் தீர்ப்புச் சொல்லாமல் முழுமையாகக் கேட்டாலே அவருக்குள் மாற்றம் தொடங்கும் என்பதைத் தன் வேலையின் அடிப்படையாக வைத்திருந்தார்.

அமெரிக்காவில் குடிக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த பல இடங்களில், அவர்களை நேருக்கு நேர் மடக்கி, குற்றத்தை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் அப்போதைய வழக்கம். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் வேறு மாதிரிப் பேசினார். அவர் நார்வே நாட்டில் சில மாதம் தங்கியிருந்தபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் "இந்த இடத்தில் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? ஏன் அதைச் சொல்லவில்லை?" என்று விடாமல் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் தன் முறை அவருக்கே தெளிவானது. 1983-இல் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-இல் புத்தகமாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்' என்கிறார்கள். நாம் ஊக்க உரையாடல் என்று வைத்துக்கொள்வோம். குடிப்பழக்கத்துக்காகத் தொடங்கிய இந்த முறை இன்று புகை, இனிப்புநீர், ரத்த அழுத்தம், உடல் எடை என்று எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது.

இதன் சாரம் ஒரே வரியில்: மாறுவதற்கான காரணம் நம் வாயிலிருந்து வந்தால் அது அறிவுரை. அவர் வாயிலிருந்து வந்தால் அது அவருடைய முடிவு. நம் வேலை, அந்தக் காரணம் அவர் வாயிலிருந்து வர இடம் கொடுப்பது.

நான்கு துடுப்புகள்

இந்த முறையில் நான்கு கருவிகள். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஓர்ஸ்' என்று வரும். துடுப்புகள் என்று பொருள். பெயர் பொருத்தம்தான். படகு அவருடையது, போகும் கரையும் அவருடையது. நாம் கூடத் துடுப்புப் போடுகிறோம்.

1. திறந்த கேள்வி. "மருந்து சாப்பிட்டீங்களா?" என்றால் "ஆமா", "இல்ல" என்பதோடு கதவு மூடிவிடும். "மருந்து சாப்பிடுறதுல எது உங்களுக்குச் சிரமமா இருக்கு?" என்றால் அவர் பேச வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: "ஏன் சாப்பிடல?" என்பதும் திறந்த கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் காதில் அது போலீஸ் விசாரணையாக விழும். ஒருவர் செய்யாததைப் பற்றி 'ஏன்' என்று கேட்டால் அவர் சாக்குத் தேடுவார்.

2. பாராட்டு. "சூப்பர் அங்கிள்!" என்பது பாராட்டு இல்லை, சத்தம். அவர் உண்மையாகச் செய்த ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "இவ்வளவு வேலைக்கு நடுவுல லீவு போட்டு இன்னிக்கு வந்திருக்கீங்க. உடம்பைப் பத்தி நினைச்சிருக்கீங்க." பொய்யாகப் பாராட்டினால் பெரியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

3. திருப்பிச் சொல்லுதல். நான்கில் இதுதான் கடினம், இதுதான் முக்கியம். அவர் சொன்னதன் உள்ளர்த்தம் என்ன என்று நாம் புரிந்துகொண்டதை, கேள்வியாக இல்லாமல் ஒரு வாக்கியமாகச் சொல்கிறோம். அம்மா "எவ்வளவுதான் ஆக்கிப் போடுறது, யாரு சாப்பிடுறா" என்கிறார். நாம் "உங்க கஷ்டத்தை யாரும் பாக்கலைன்னு இருக்கு" என்கிறோம். சரியாகச் சொன்னால் அவர் மேலே பேசுவார். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. "அப்படி இல்ல..." என்று அவரே திருத்துவார். அப்போதும் பேச்சு வளரும்.

4. தொகுத்துச் சொல்லுதல். அவர் அங்கங்கே உதிர்த்ததை எடுத்து, மாலை கட்டுவது போல ஒன்றாகக் கட்டித் திருப்பிக் கொடுப்பது. "அப்படின்னா, ஊசிக்கு உங்களுக்குப் பயம். அதே நேரம் மகளுக்காக நல்லா இருக்கணும்னும் நினைக்கிறீங்க. நான் எதையாவது விட்டுட்டேனா?"

பேச்சு நடுவில் நாம் காது கொடுத்துப் பிடிக்க வேண்டியது ஒன்று. "ஆசைதான்", "முடிஞ்சா நல்லாருக்கும்", "முன்ன ஒரு தடவை செஞ்சேன்", "இப்படியே இருக்க முடியாது" என்று மாற்றத்தின் பக்கம் சாயும் சொற்கள். பத்துக் குறைக்கு நடுவே ஒன்று வரும். அது வரும்போது நாம் உடனே அறிவுரைக்குத் தாவாமல், "அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று அங்கேயே நிற்க வேண்டும்.

அந்த அண்ணனோடு மறுபடியும்

விரல் எடுத்த புண் ஆறும் வரை அவர் கட்டு மாற்ற எங்களிடம்தான் வந்தார். அதற்குள் நான் இந்த முறையில் ஒரு சிறு பயிற்சி முடித்திருந்தேன். ஒரு நாள் கட்டு மாற்றிக்கொண்டே பேசினேன்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?"

"ஆச்சு மிசி. ரொட்டி சானாய், தே தாரேக். திட்டிடாதீங்க."

"திட்டலண்ணே. அன்னிக்கு நான்தான் நிறைய பேசிட்டேன். உங்களை ஒண்ணுமே கேக்கல. இன்னிக்குக் கேக்கலாம்னு இருக்கேன். பேசலாமா?"

கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

"ஊசின்னு டாக்டர் சொன்னதும் உங்க மனசுல என்ன வந்துச்சு?"

"எங்க அப்பா ஞாபகம் வந்துச்சு மிசி. தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. அவருக்கு ஊசி ஆரம்பிச்சாங்க. ஆறே மாசத்துல முட்டிக்குக் கீழ காலை எடுத்தாங்க. அடுத்த தீபாவளிக்கு ஆளு இல்ல. ஊசின்னாலே கடைசிக் கட்டம்தானே?"

எனக்குக் கை நின்றுவிட்டது. அன்று நான் அவரிடம் சுவரில் காட்டிய படம் அவருக்கு அவர் அப்பாவின் கால். "காலை எடுக்க வேண்டி வரும்" என்று நான் பயமுறுத்தியதெல்லாம் ஊசி வேண்டாம் என்பதற்கே அவருக்குக் காரணமாகப் போயிருக்கிறது. அன்று எட்டு நிமிடம் பேசினேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிடம் போதும்.

"அப்பாவோட காலைக் கொண்டு போனது ஊசிதான்னு உங்களுக்குத் தோணுது."

"ஆமா மிசி..." நிறுத்தினார். "இல்ல, அவருக்கு முன்னமே புண்ணு இருந்துச்சு. யாருக்கும் காட்டல. துணியைச் சுத்திக்கிட்டே வேலைக்குப் போனாரு. என்னை மாதிரிதான்."

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டேன்.

"இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமாண்ணே?"

"சொல்லுங்க."

"நெறைய பேருக்கு ஊசி ரொம்பத் தாமதமாத்தான் ஆரம்பிக்குது. அதுக்குள்ள நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப் போயிருக்கும். காலைக் கெடுக்கிறது வருஷக்கணக்கா ஏறி நின்ன சர்க்கரை. ஊசி இல்ல. இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?"

"அப்ப அப்பாவுக்கு முன்னமே போட்டிருக்கணும்." பிறகு, "ஆனா மிசி, நான் ரோட்டுல இருக்கிறவன். லோரி ஓட்டும்போது சர்க்கரை எறங்கி மயக்கம் வந்தா? என் உயிரு மட்டுமா போகும்?"

இது நியாயமான பயம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். "அடுத்தவங்க உயிரையும் சேர்த்து நினைக்கிறீங்க" என்றேன். எந்த ஊசி, எந்த நேரம், ஓட்டுவதற்கு முன் சர்க்கரை பார்ப்பது, லோரியில் இனிப்பு வைத்துக்கொள்வது என்று இதை டாக்டரிடமே பேச வேண்டும் என்றும், நானும் கூட இருக்கிறேன் என்றும் சொன்னேன். பிறகு கடைசியாக ஓர் அளவுகோல் கேள்வி.

"பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள, ஊசி ஆரம்பிக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"ஒரு அஞ்சு."

"ரெண்டுன்னு சொல்லாம அஞ்சுன்னு சொன்னீங்களே, ஏன்?"

"மக ஃபார்ம் ஃபைவ் படிக்கிறா. என் கல்யாணத்துக்கு எங்க அப்பா இல்ல. அவ கல்யாணத்துக்கு நான் இருக்கணும். நடந்து வரணும்."

"செய்ய முடியும்னு நம்பிக்கை எவ்வளவு?"

"மூணு."

"பூஜ்யம் இல்லையே. அந்த மூணு எங்கேருந்து வந்துச்சு?"

சிரித்தார். "தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் 48 நாள் விரதம் மிசி. கவிச்சி தொட மாட்டேன், பீர் தொட மாட்டேன். லோரியில இருந்தாலும் தொட மாட்டேன்."

"சொன்ன வாக்கைக் காப்பாத்துற ஆளு நீங்க."

"முருகனுக்குச் சொன்னா செஞ்சுதானே ஆகணும்." சப்பாத்தை மாட்டிக்கொண்டே, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், "மகளுக்கும் சொல்லிப் பாக்கலாம்" என்றார்.

அந்தப் பேச்சுக்கு மொத்தம் பன்னிரண்டு நிமிடம். முதல் தடவையை விட நான்கு நிமிடம்தான் அதிகம்.

அளவுகோல் கேள்வியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "ஏன் அஞ்சு? ஏன் பத்து இல்ல?" என்று கேட்டால் அவர் தடைகளை அடுக்குவார். "ஏன் ரெண்டு இல்ல?" என்று கீழே இறக்கிக் கேட்டால், தன்னிடம் இருக்கும் காரணங்களைச் சொல்வார். இரண்டும் ஒரே கேள்வி மாதிரித்தான் தெரியும். வரும் பதில்கள் எதிரெதிர்.

அதற்குப் பிறகு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் சொன்னபடி இரவில் ஓர் ஊசி தொடங்கினார். நடுவில் சில நாள் விட்டுமிருக்கிறார். ஐந்து தே தாரேக் இரண்டாகி, மற்ற நேரம் தே ஓ கோசோங். மகள் தினமும் ராத்திரி அப்பாவின் பாதத்தைப் பார்க்கிறாள். ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 8.6. இலக்கை இன்னும் தொடவில்லை. ஆனால் ஒரு தவணையும் தவறவில்லை. விட்ட நாளையும் மறைக்காமல் சொல்கிறார். எனக்கு அதுதான் பெரிய மாற்றம்.

கேள், சொல், கேள்

"அப்படின்னா நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லவே கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டான். சொல்லலாம். சொல்லவும் வேண்டும். மேலே உள்ள உரையாடலைத் திரும்பப் பாருங்கள். முதலில் "சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டேன். பிறகு சுருக்கமாக இரண்டு மூன்று வாக்கியம் சொன்னேன். கடைசியில் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். கேள், சொல், கேள். அனுமதி கேட்காத உண்மை வாசலில் நிற்கும். அனுமதி கேட்ட உண்மைதான் வீட்டுக்குள் வரும்.

நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருத்தம். இருபது வயதுப் பிள்ளை அப்பாவுக்குப் புத்தி சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். "நேத்துப் பிறந்தவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்." ஆனால் "அப்பா, டாக்டர் சொன்னதுல உங்களுக்கு எது மனசுக்கு ஒத்து வரல?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம் வீட்டில் சின்னவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமை இல்லாமல் இருக்கலாம். கேட்கும் உரிமை எப்போதும் உண்டு.

நம் நூல்களில்

இது வெளிநாட்டிலிருந்து வந்த முறைதான். ஆனால் நமக்கு அந்நியம் இல்லை.

பகவத் கீதையை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். இருமனத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் பகவான் அவனை அதட்டுகிறார். அந்த அதட்டலுக்கு அர்ஜுனன் எழுந்தானா? இல்லை. தன் காரணங்களை மறுபடியும் அடுக்கி, போர் செய்ய மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் நீண்ட உரையாடல். அவன் கேட்கிறான், சந்தேகப்படுகிறான், மறுபடியும் கேட்கிறான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, 18-ஆம் அத்தியாயத்தின் 63-ஆம் சுலோகத்தில், இதை நன்றாக ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அர்ஜுனன் கையிலேயே பகவான் விடுகிறார். பத்து சுலோகம் கழித்து, மயக்கம் தீர்ந்தது என்று அர்ஜுனன் தன் வாயால் சொல்கிறான். பகவானே முடிவை அவனிடம் விடுகிறார் என்றால், நாம் எம்மாத்திரம்?

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர். அந்த நான்காவது இடம்தான் என் தொழில். அப்பா பக்கத்தில் இருக்கும் உங்களுக்கும் அந்த இடம்தான். அதைவிட முக்கியம், வள்ளுவர் வரிசையில் முதலில் நிற்பவர் நோயாளி. அவர் மருந்தை வாங்கிக்கொள்ளும் வெறும் பாத்திரம் இல்லை. மருத்துவத்தில் அவரும் ஒரு பங்கு.

கவனிக்க வேண்டியவை

இது வாயைப் பிடுங்கும் தந்திரம் இல்லை. நாம் நினைத்ததை அவர் வாயால் சொல்ல வைத்து ஜெயிப்பது நோக்கம் என்றால், அது அன்பு இல்லை, வியாபாரம். கேட்ட பிறகும் அவர் "வேணாம்" என்று சொல்லலாம். அப்போது "சரிப்பா, எப்ப பேசணும்னாலும் நான் இருக்கேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். கதவு திறந்திருந்தால் அவர் மறுபடியும் வருவார்.

அவசரத்தில் இந்த முறை வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் என்றால் அளவுகோல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் 999-க்கு அழையுங்கள். உயிரை விடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் தனியாக விடாதீர்கள், ரகசியமாக வைக்காதீர்கள். உடனே பொறுப்பான பெரியவரையும் மருத்துவ உதவியையும் சேருங்கள்.

மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. இனிப்புநீர் இருப்பவர் விரதம் தொடங்குவதற்கு முன்னும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

கிளைக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர், தான் மாற்ற நினைத்தும் மாற்றாமல் இருக்கும் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லட்டும். இரவு வெகுநேரம் கைப்பேசி பார்ப்பது, உடற்பயிற்சி செய்யாதது, எதுவானாலும் சரி. மற்றவருக்கு மூன்று நிமிடம். விதி ஒன்றுதான்: அறிவுரை கூடாது. "நான் உன் இடத்துல இருந்தா", "ஒண்ணு சொல்றேன் கேளு", "ஆமா, ஆனா..." என்று ஆரம்பித்தால் தோல்வி. திறந்த கேள்வி, திருப்பிச் சொல்லுதல் இரண்டு மட்டும். பிறகு இடம் மாறுங்கள். மூன்று நிமிடம் அறிவுரை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பேசுங்கள்:

1. உங்களை யாராவது முழுமையாகக் கேட்டது கடைசியாக எப்போது? அப்போது எப்படி இருந்தது?

2. உங்கள் வீட்டில் யார் இருமனமாக இருக்கிறார்? அவருடைய இரண்டு குரலும் என்ன சொல்கின்றன?

3. அவரிடம் நீங்கள் இதுவரை கேட்காத ஒரு கேள்வி எது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தாளில் எழுதி, வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பதில் வரும்போது நடுவில் பேசாதீர்கள்.

நான் இப்போதும் கோப்பில் குறிப்பு எழுதுகிறேன். முன்பு 'விளக்கம் கொடுக்கப்பட்டது' என்று முடிப்பேன். இப்போது அதற்கு முன் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: நோயாளி சொன்னது என்ன. அந்த வரி காலியாக இருந்தால் அன்று என் வேலை முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

திருச்சிற்றம்பலம்.